போடாக்ஸ் ஊசி மருந்து: ஒன்பது அமினோ அமிலங்களை வெட்டுவதற்கு இவ்வளவு விலையா?

முகத்தின் ஒரு பாதி மட்டும் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும் கோளாறுக்காகச் சில ஆண்டுகளாகப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். அழகு நிலையங்களின் விளம்பரப் பலகையில் நெற்றிச் சுருக்கத்துக்காகக் காட்டப்படும் அதே மருந்துதான் இது. இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை சுருக்கம் போயிற்றா, வலித்ததா, எவ்வளவு செலவாயிற்று என்ற மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. போட்ட அன்றே ஏன் பலன் தெரிவதில்லை, மூன்று மாதம் கழிந்ததும் ஏன் பலன் தேய்கிறது, ஒரு நிறுவனத்தின் மருந்துக்குப் பதில் இன்னொன்றை அதே அளவில் ஏன் போடக்கூடாது என்று கேட்பவர்களுக்கு அவற்றில் விடை இல்லை. இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை நரம்பு முனையில் உள்ள ஸ்னாப்-25 என்ற ஒரே புரதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இந்த மதிப்புரை அந்தப் புரதத்தின் வழியாகவே போகும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 100 யூனிட் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் காலிப் புட்டி என்றே தோன்றும். அடியில் மெல்லிய வெண்படலம் ஒன்று ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் படலத்திலும் பெரும்பகுதி மருந்தில்லை. 0.5 மில்லிகிராம் மனித ஆல்புமினும் 0.9 மில்லிகிராம் சோடியம் குளோரைடும் அதில் இருக்கின்றன; மருந்தாக வேலை செய்யும் பொட்டுலினம் என்ற பாக்டீரிய நச்சுப் புரதம், அதைச் சூழ்ந்த துணைப் புரதங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 5 நானோகிராம்தான். மருந்தைவிட ஒரு லட்சம் மடங்கு எடையுள்ள ஆல்புமினை எதற்குச் சேர்க்கிறார்கள் என்றால், இவ்வளவு நுண்ணிய அளவில் இருக்கும் நச்சு கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிவிடாமல் இருப்பதற்காகத்தான். புட்டிக்குள் வெற்றிடம் இருக்கும். உப்புநீர் ஏற்றிய ஊசியை மூடியில் குத்தியதும் நீர் தானாக உள்ளே இழுபட வேண்டும். இழுபடாத புட்டியைப் பயன்படுத்தக்கூடாது என்று உற்பத்தியாளரின் குறிப்பே சொல்கிறது. நோயாளி தன் கண்ணாலேயே பார்த்துச் சரிபார்க்கக்கூடிய தர அடையாளம் இது. ஆகவே புட்டியைத் தம் முன்னிலையில் கலக்கச் சொல்லிக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

இனி, அந்த 5 நானோகிராம் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். தசையை இயக்கும் நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற கடத்திப் பொருள், நுண்குமிழ்களுக்குள் அடைபட்டுக் காத்திருக்கிறது. ஒரு குமிழுக்குள் சில ஆயிரம் மூலக்கூறுகள் இருக்கும். இந்தப் பொருள் துளித்துளியாகக் கசிவதில்லை, பொட்டலம் பொட்டலமாகவே வெளியேறுகிறது என்பதை 1950களில் தவளையின் தசையில் மின்பதிவு செய்து காட்டியவர்கள் பெர்னார்ட் காட்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். காட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பில் மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் குமிழின் சவ்வும் நரம்பு முனையின் சவ்வும் ஒன்றாகக் கலந்து, குமிழில் இருந்தது வெளியே கொட்டுகிறது. கண் சிமிட்டுவது முதல் மூச்சிழுப்பது வரை தசையால் ஆகிற எல்லா வேலையும் இந்தக் கலப்பை நம்பியே நடக்கிறது.

ஆனால் இரண்டு சவ்வுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் மட்டும் கலந்துவிடுவதில்லை. அவற்றை வலிந்து நெருக்கும் வேலையை மூன்று புரதங்கள் செய்கின்றன: குமிழின் மேல் சினாப்டோபிரெவின், நரம்பு முனையின் சவ்வில் சின்டாக்சினும் ஸ்னாப்-25உம். முதல் இரண்டும் ஆளுக்கு ஒரு சுருளை நீட்ட, ஸ்னாப்-25 மட்டும் இரண்டு சுருள்களைத் தர, நான்கும் சேர்ந்து, பையின் ஜிப்பை ஒரு முனையிலிருந்து இழுத்து மூடுவதைப் போல, சவ்விலிருந்து தொலைவில் உள்ள முனையில் தொடங்கிச் சவ்வை நோக்கி முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு ஏற ஏறக் குமிழ் சவ்வை நெருங்குகிறது. முறுக்கு முடிந்த கட்டு மிக உறுதியானது; மற்ற புரதக் கட்டுகளைச் சிதறடிக்கும் சோப்புத் தன்மையுள்ள வேதிப்பொருளில் போட்டாலும் கொதிக்க வைக்காதவரை இது பிரிவதில்லை. ஸ்னேர் புரதங்கள் என்று இவற்றுக்குப் பெயர்.

இந்தக் கட்டைக் கட்டுப்படுத்த ஒரு தனிப் படையே இருக்கிறது. மங்க்18 என்ற புரதம் சின்டாக்சினைப் பற்றிக்கொண்டு, கட்டு உருவாவதற்கு வழிகாட்டுகிறது. அது இல்லாமல் பிறக்கவைத்த எலிகளின் மூளையில் கடத்திப் பொருள் அறவே வெளியாகவில்லை என்று 2000இல் காட்டப்பட்டது. மங்க்13, மூடிக்கிடக்கும் சின்டாக்சினைத் திறந்து தயார்நிலைக்குக் கொண்டுவருகிறது. கம்ப்ளெக்சின் பாதி முறுக்கிய நிலையிலேயே கட்டைப் பிடித்து நிறுத்திக் காத்திருக்கச் செய்கிறது. அதே கம்ப்ளெக்சின் வெளியீட்டுக்குத் துணையும் செய்கிறது என்பதால் இதன் பங்கைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. சினாப்டோடாக்மின்தான் கால்சியத்தை உணரும் புரதம். அதன் இரண்டு மடல்களும் சேர்ந்து ஐந்து கால்சியம் அயனிகளைப் பிடித்ததும் சவ்வில் பாய்ந்து ஒட்டி, காத்திருந்த கட்டை முடிவுவரை போகவிடுகிறது. வேலை முடிந்தபின் கட்டை அவிழ்ப்பது என்எஸ்எஃப் என்ற நொதி. அவிழ்ப்பதற்குத்தான் உடல் ஆற்றலைச் செலவிடுகிறது. இவற்றை எல்லாம் கண்டு விளக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ரேண்டி ஷெக்மன், தாமஸ் சுதோஃப் ஆகிய மூவருக்கும் 2013இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

போடாக்ஸ் இந்தப் படையில் ஒருவரையும் தொடுவதில்லை. கட்டின் ஓர் உறுப்பான ஸ்னாப்-25இன் வாலை மட்டும் அறுக்கிறது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் மொத்தம் 206 கொண்ட அந்தப் புரதத்தில் 197க்கும் 198க்கும் இடையில் ஒரே ஒரு வெட்டு விழுகிறது. கழன்று போவது கடைசி 9 அமினோ அமிலங்கள். இவ்வளவு சிறிய துண்டு போனதற்கு இவ்வளவு பெரிய விளைவா என்று வியக்கத் தோன்றும். வெட்டுப்பட்ட ஸ்னாப்-25 மற்ற இரண்டு புரதங்களோடு இன்னமும் சேரத்தான் செய்கிறது. ஆனால் அறுபட்ட வால், சவ்வுக்கு மிக அருகில் முறுக்கு முடிய வேண்டிய இடத்தைச் சேர்ந்தது. அங்கே முறுக்கு அரைகுறையாக நிற்கிறது. கால்சியம் வந்தபோது கிடைக்க வேண்டிய உடனடி இசைவும் கெடுகிறது. ஆய்வகத்தில் கால்சியத்தை மிகுதியாகக் கொடுத்தால் வெளியீடு ஓரளவு மீள்கிறது என்பதிலிருந்து, கருவி உடைந்துபோகவில்லை, அதன் கூர்மைதான் மழுங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஒரு மருந்துக்கு இது நல்ல குணம் என்றே சொல்வேன்: நரம்பு சாவதில்லை, தசை அழிவதில்லை, கட்டளை மட்டும் போய்ச் சேர்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்து சந்தைக்கு வந்தபோது அது எதை வெட்டுகிறது என்பது யாருக்கும் தெரியாது. அசிட்டைல்கோலின் வெளியாவதை இந்த நச்சு தடுக்கிறது என்று ஆர்னால்ட் பர்ஜனும் அவருடைய சகாக்களும் 1949இலேயே காட்டியிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் முதலில் குரங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்து, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது அதன் பெயர் ஒக்குலினம். இந்த நச்சில் பல வகைகள் உண்டு; போடாக்ஸில் இருப்பது ஏ வகை. பி வகையும் டெட்டனஸ் நச்சும் சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில் வெட்டுகின்றன என்று இத்தாலியின் படுவா நகரத்து ஆய்வாளர்கள் காட்டியது 1992இல். ஏ வகை வெட்டுவது ஸ்னாப்-25ஐ என்று தெரிந்தது 1993இல். அதே 1993இல்தான் ராத்மனின் குழுவும் மூன்று புரதங்களையும் ஒன்றாகப் பிடித்தது. சவ்வுகளின் கலப்புக்கு இந்த மூன்று புரதங்களும் இன்றியமையாதவை என்பதற்குக் கிடைத்த மிக வலுவான சான்றுகளில் ஒன்று இந்த நச்சுகளே. மருந்து தன் விளக்கத்தைத் தானே தேடிக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

பலன் தெரிய ஏன் தாமதம் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நச்சு மூலக்கூறு கனமான ஒரு பகுதியும் லேசான ஒரு பகுதியும் சேர்ந்தது. கனமான பகுதி நரம்பு முனையின் சவ்வில் உள்ள ஒரு வகைக் கொழுப்புப் பொருளையும் எஸ்வி2 என்ற புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. இந்த எஸ்வி2 குமிழின் உட்சுவரில் இருப்பது. குமிழ் சவ்வோடு கலந்து திறக்கும்போதுதான் வெளியே தலைகாட்டும். ஆகவே அதிகமாக வேலை செய்யும் நரம்பு முனையே அதிக நச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓயாமல் துடிக்கும் தசைக்கு இந்த மருந்து பொருந்தி வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. உள்ளே இழுபட்ட குமிழில் அமிலம் ஏறும்போது லேசான பகுதி சுவரைத் துளைத்து வெளியேறி, துத்தநாக அணு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்னாப்-25ஐ ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்குகிறது. இவ்வளவும் நடந்து, வெட்டுப்பட்டவை போதுமான அளவு சேர்ந்த பிறகே தசை தளர்வது தெரியும். இரண்டு மூன்று நாளில் மாற்றம் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்தை எட்டுவது வழக்கம். என் அனுபவமும் அப்படியே. ஊசி போட்ட மறுநாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்கள் சற்றுப் பொறுத்து எழுதலாம்.

நீடிப்பதைப் பொறுத்தவரை, மூன்று மாதம் என்பது குறையா நிறையா என்று எளிதில் சொல்லிவிட முடியாது. இதே ஸ்னாப்-25ஐ இன்னும் சற்று உள்ளே, 26 அமினோ அமிலங்கள் கழன்று போகும்படி வெட்டும் ஈ வகை நச்சு ஒன்று உண்டு. அது விரைவாக வேலை செய்கிறது, சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. ஏ வகையின் வெட்டும் பகுதியோ செல்லின் கழிவகற்றும் ஏற்பாட்டுக்கு எளிதில் சிக்காமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, புதிதாக உருவாகும் ஸ்னாப்-25ஐயும் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அது ஒடுங்கும்வரை உடலும் சும்மா இருப்பதில்லை. எலிகளில் செய்து 1999இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, செயலிழந்த முனையிலிருந்து புதிய கிளைகள் முளைத்துத் தற்காலிகமாகப் பொறுப்பை ஏற்கின்றன. பழைய முனை தேறியதும் கிளைகள் பின்வாங்கிவிடுகின்றன. எனக்கு மூன்றாவது மாத இறுதியில் கீழ் இமையின் ஓரத்தில் மெல்லிய நடுக்கம் மீண்டும் எட்டிப்பார்க்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆயினும் தவறான இடத்தில் விழுந்த ஊசியின் விளைவும் அதே காலத்தில் நீங்கிவிடும் என்பதை நினைத்தால், நிரந்தரமான மருந்தை நான் கேட்க மாட்டேன்.

அடுத்து, இந்தப் பொருளின் உண்மையான பலவீனம்: அது தானாக இடம் தேர்ந்தெடுக்காது. வெட்டும் பகுதிக்குத் துடிக்கும் தசையின் நரம்பும் பக்கத்துத் தசையின் நரம்பும் ஒன்றுதான். ஸ்னாப்-25 இரண்டிலும் இருக்கிறது. கண்ணைச் சுற்றிப் போடும்போது மேல் இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து பரவினால் இமை தொங்கும். கண் சிமிட்டுவது குறைந்து விழிப்படலம் உலரும் அபாயமும் உண்டு. இதனால்தான் இமைத் துடிப்புக்கு ஓரிடத்தில் 1.25 முதல் 2.5 யூனிட் என்ற சிறிய அளவிலேயே தொடங்குகிறார்கள். பெரிய அளவில் போடும்போது தொலைவுக்குப் பரவி விழுங்குவதற்கும் மூச்சு விடுவதற்கும் இடைஞ்சல் வரக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையை 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகள் அனைத்தின் அட்டையிலும் கட்டமிட்டு அச்சிடச் செய்தது. நச்சு முனைக்குள் நுழைந்தபின் அதை எட்டிப் பிடிக்கும் மாற்று மருந்து கிடையாது. எதிர்நச்சு இரத்தத்தில் திரியும் நச்சை மட்டுமே தடுக்கும். போடுபவரின் கைதான் பாதி மருந்து என்று சொல்வது இதனாலேயே.

யாருக்கு ஆகாது என்ற பட்டியலும் நரம்பு முனையை வைத்துப் பார்த்தால் மனப்பாடம் செய்யத் தேவையில்லாதது. லாம்பர்ட்-ஈட்டன் நோயில் நரம்பு முனையின் கால்சியம் வாயில்களை உடலே தாக்குவதால் வெளியீடு முன்பே குறைந்திருக்கிறது. மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயில் வெளியானதை வாங்கிக்கொள்ளும் தசைப் பக்க ஏற்பிகள் குறைந்திருக்கின்றன. ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் முனையில் வெளியீட்டைக் குறைக்கக்கூடியவை. ஏற்கெனவே மெலிந்திருக்கும் இந்த ஏற்பாட்டில் ஸ்னாப்-25ஐயும் வெட்டினால் என்ன ஆகும் என்பது வெளிப்படை. இவற்றில் எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அழகு நிலையத்தில் இதையெல்லாம் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை என்பதே அங்கே போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் போதுமான காரணம்.

யூனிட் என்ற அளவைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் விலைப் பட்டியலில் மக்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு கூட்ட எலிகளில் பாதியைக் கொல்லப் போதுமான அளவே ஒரு யூனிட் என்று தொடக்கத்தில் வரையறுத்தார்கள். போடாக்ஸுக்கு 2011இல் எலிகளுக்குப் பதில் வளர்த்த செல்களில் சோதிக்கும் முறைக்கு அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையில் சோதிப்பதால் போடாக்ஸின் ஒரு யூனிட்டும் வேறொரு நிறுவனத்தின் மருந்தான டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் சமமில்லை. இரண்டும் ஏ வகை நச்சுதான், வெட்டும் இடமும் ஒன்றுதான், எனினும் ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு அப்படியே மாற்றிப் போடக்கூடாது. "யூனிட்டுக்கு இவ்வளவு மலிவு" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எந்த மருந்தின் யூனிட் என்று முதலில் கேட்க வேண்டும்.

துடிப்புக்கு அப்பாலான பயன்களில் நான் மதிப்பது நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கான பயன். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி உள்ளவர்களுக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட் போடுவதற்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே தசைத் தளர்ச்சி மட்டும் காரணமில்லை. வலியை உணரும் நரம்புகளும் தம் கடத்திப் பொருள்களை வெளியிடுவதற்கு ஸ்னேர் புரதங்களையே நம்பியிருக்கின்றன. அதிகமான வியர்வைக்கும் (2004 முதல் அனுமதி) சிறுநீர்ப்பைக் கோளாறுகளுக்கும் அதே விளக்கம் பொருந்தும். புருவங்களுக்கு இடையில் விழும் சுருக்கத்துக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. சொன்னதைச் செய்கிறது, அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

விலைதான் நெருடல். ஓரிரண்டு டஜன் யூனிட்டே தேவைப்படும் நோயாளியும் முழுப் புட்டிக்குப் பணம் கட்ட நேரும். மீந்ததை அடுத்த தவணைக்கு எடுத்து வைக்க முடியாது. கலக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கலாம், கலந்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். சில மருத்துவமனைகளில் இதே ஊசி தேவைப்படுவோரை ஒரே நாளில் வரவழைக்கிறார்கள். ஒரு புட்டியிலிருந்து ஒருவருக்கு மேல் போடுவதை உற்பத்தியாளரின் குறிப்பு ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய ஊசியால் எடுக்கிறார்களா என்று கேட்காமல் அந்தச் சலுகையை ஏற்காதீர்கள். ஊசியின் வலி எறும்புக் கடி அளவுதான். புகாராக எழுத அதில் ஒன்றுமில்லை.

முகத் துடிப்புக்கு மூளைத் தண்டருகே நரம்பை அழுத்தும் இரத்தக் குழாயை விலக்கும் அறுவை சிகிச்சை என்ற வேறு வழியும் உண்டு. காரணத்தையே நீக்குவது அது. மண்டையைத் திறக்க மனமில்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் போடாக்ஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்: செயல்பாட்டுக்கு ஐந்துக்கு நான்கரை, விலைக்கு இரண்டு. மூன்று மாத இடைவெளிக்கு முன்பாக மறுபடி போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அடிக்கடி போட்டால் உடல் நச்சுக்கு எதிரான புரதங்களை உருவாக்கி மருந்தைச் செல்லாததாக்கிவிடக்கூடும். ஊசி முடிந்ததும் மருந்தின் பெயர், எந்தெந்த இடத்தில் எத்தனை யூனிட், புட்டியின் தொகுதி எண் ஆகியவற்றை முகத்தின் படத்தில் குறித்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறி வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.